பாடாமல் விட்ட கடைசி வரி

அன்புள்ள ஐயா,

உங்கள் பேச்சொன்றில் ஜெர்மன் ஓபரா (இசை நாடக) பாடகி லோட்டே லேமன் பெயரைச் சொன்னீர்கள். தேடிப் பிடித்து, 1951இல் நியூயார்க்கில் அவர் பாடிய ஷூபர்ட் பாட்டைக் கேட்டேன். கடைசி வரியில் குரல் உடைந்து நின்றுவிடுகிறது, பியானோதான் முடித்து வைக்கிறது. வேறு பதிவுகளில் வரிக்கு நடுவே மூச்சு வாங்குவதும் தெரிகிறது. பெரிய பாடகி என்றால் இதெல்லாம் கட்டுக்குள் இருக்க வேண்டாமா? ஜெர்மன் தெரியாத நான் இவரிடம் எதைக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. லேமனுக்கு மூச்சு குறைவு. அவர் காலத்து விமர்சகர்களும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். அடுத்து வரும் சொல்லைச் சொல்ல மனம் வராமல் ஒருத்தி தயங்குவது போலவே இருக்கும். குறையை மறைக்கும் தந்திரமாக எனக்கு அது படவில்லை. பாட்டை அவர் சொல்லிலிருந்துதான் தொடங்கினார். ராகம் அதன் பின்னால் வந்தது.

பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே பெர்லபெர்க் என்ற சிற்றூரில், 1888இல், சாதாரண உத்தியோகஸ்தர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பெர்லினில் பாட்டுப் பள்ளி ஒன்று, இவருக்கு எதிர்காலம் இல்லை என்று அனுப்பிவிட்டது. அப்புறம் மட்டில்டே மாலிங்கரிடம் சேர்ந்தார். வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ ஓபரா 1868இல் முதன்முதலாக மேடையேறியபோது நாயகி ஏவாவாகப் பாடியவர் அந்த மாலிங்கர். 1910இல் ஹாம்பர்க்கில் சின்னச் சின்ன வேடங்களோடு லேமனின் மேடை வாழ்க்கை தொடங்கியது. 1916இல் வியன்னா. அங்கே ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘அரியாட்னே’ ஓபராவின் புது வடிவத்துக்கு ஒத்திகை நடந்தபோது, இளம் இசையமைப்பாளர் வேடத்துக்கு லேமன் மாற்றுப் பாடகி மட்டுமே. பாட வேண்டியவர் வராத ஒரு நாளில் இவர் பாடினார். ஸ்ட்ராஸ் அந்தப் பாட்டைக் கேட்டார், அரங்கேற்றத்தில் இவரே பாடட்டும் என்றார். அவருடைய ‘நிழலில்லாப் பெண்’, ‘இன்டர்மெட்சோ’ ஓபராக்களில் முக்கிய வேடங்களை முதலில் பாடியவரும் இவர்தான்.

ஜெர்மன் தெரியாமல் எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 1933இல் வியன்னாவில் பதிவான, அதே ஸ்ட்ராஸின் ‘ரோசன்கவாலியர்’ பகுதிகளை எடுங்கள். அந்த ஓபராவின் மூன்று பெண்குரல் வேடங்களையும் வெவ்வேறு வயதில் பாடியவர் லேமன். இதில் அவர் மார்ஷலின், இளமை நழுவுவதை உணர்ந்துவிட்ட சீமாட்டி. முதல் அங்கத்தின் முடிவில் காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். சில நாள் நடுராத்திரியில் எழுந்து வீட்டுக் கடிகாரங்களை எல்லாம், எல்லாவற்றையும், நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். ஜெர்மனில் அது ‘அல்லே, அல்லே’. இரண்டு ‘அல்லே’யும் ஒன்றல்ல. அடியில் யாழும், செலஸ்டா என்ற சிறு விசைப்பலகைக் கருவியும் மணியடிப்பது போல் ஒலிக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பத்து முறை கேளுங்கள், மொழி தேவைப்படாது.

நாஜிகள் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹிட்லரின் வலதுகரமான கோயரிங் பெரும் சம்பளம் காட்டி அழைத்ததாகவும், தான் மறுத்ததாகவும் லேமன் பின்னாளில் எழுதினார். வரலாற்றாசிரியர் மைக்கேல் கேட்டர் ஆவணங்களைப் பார்த்து, நடந்தது அவ்வளவு நேரான கதை இல்லை, ஒப்பந்தப் பேரமும் அதில் இருந்தது என்று காட்டியிருக்கிறார். லேமனை நேசிக்கிற நான் அதையும் சேர்த்தே ஏற்கிறேன். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அவருடைய வியன்னா பறிபோனது. அதன் பிறகு அமெரிக்காதான் வீடு. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இளம் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வாக்னர் ஓபராக்களுக்கென்றே ஜெர்மனியின் பைராய்ட்டில் நடக்கும் விழாவில் பாடிய முதல் கறுப்பினப் பாடகியான கிரேஸ் பம்ப்ரி அவருடைய மாணவி.

இப்போது நீங்கள் கேட்ட அந்த இரவு. 1951 பிப்ரவரி 16, நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கு. இன்னும் பதினோரு நாளில் அவருக்கு 63 வயது. இதுவே கடைசிக் கச்சேரி என்று மேடையிலேயே அறிவித்தார். கூட்டம் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்தியது. நீங்கள் மறுப்பீர்கள் என்று நம்பினேன் என்றார். கண்ணாடி பார்த்து நேரமாகிவிட்டது என்று உணரும் மார்ஷலினைச் சொல்லி, நானும் அப்படித்தான் என்றார்.

கடைசியாக ஷூபர்ட் 1817இல் எழுதிய ‘இசைக்கு’. இருண்ட பொழுதுகளில் என்னை வேறொரு நல்ல உலகுக்குக் கொண்டுபோனாயே, இனிய கலையே, உனக்கு நன்றி என்பதுதான் முழுப் பாட்டும். இரண்டே சரணம். கச்சேரிகளில் அவர் பாடிப் பாடிப் பழகிய பாட்டு. அன்றைக்கு ‘இனிய கலையே’ வரை வந்தார். மீதி இருந்தது ‘உனக்கு நன்றி’ மட்டும்.

வாழ்நாள் முழுக்க ஒரு சொல்லையும் வெறும் ஒலியாகப் பாடாதவர் அவர். அன்று மட்டும் அந்தச் சொல்லை வெறும் ஒலியாகப் பாடி முடித்திருக்க வேண்டும் என்று என்னால் கேட்க முடியாது, எஸ். மறுபடி கேட்கும்போது, அன்று உடன் வாசித்த பால் உலனோவ்ஸ்கியின் பியானோவையும் கவனியுங்கள். குரல் நின்ற இடத்தில் அது நிற்காமல் போகிறது.