அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று பிணைகின்றன? படிவம் 4 (பதினாறு வயது வகுப்பு) படிக்கும் மகனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"சோடியத்துக்கு ஒரு எலெக்ட்ரானைக் கொடுக்க ஆசை, குளோரினுக்கு வாங்க ஆசை" என்று உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "ஏன் ஆசை?" என்று அவன் கேட்டிருப்பான், நீங்கள் இங்கே வந்திருப்பீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பதினெட்டு வருடமாக டியூஷன் எடுக்கிறேன், இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை.

அந்த ஆசைக் கதையை விட்டுவிடுங்கள். சோடியத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ணும் அளவு அது) 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அதை வாங்கும்போது 349 தான் திரும்பக் கிடைக்கும். அதுவரை நஷ்டம்தான். ஆனால் அப்படி மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், நெருங்கி உப்புப் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியே வருகிறது. செலவைவிட வரவு அதிகம், உப்பு உண்டாவது அதனால்தான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது கொடுக்கல் வாங்கலே கிடையாது. இரண்டு எலெக்ட்ரான்களும் இரு கருக்களுக்கும் பொதுவாக நின்று இரண்டையும் இழுக்கின்றன. இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் 74 பிக்கோமீட்டர் தூரத்தில் நிற்கின்றன. பிரிக்க 436 கிலோஜூல் வேண்டும். எட்டு எலெக்ட்ரான் விதி (வெளிக்கூட்டில் எட்டு எலெக்ட்ரான் நிறைந்தால் அணு நிலையாகும் என்பது) தப்பு என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். அது அடையாளம், காரணம் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இதை எனக்குப் புரிய வைத்தது அப்பாவின் இரண்டு டின்கள். அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். 1989இல் நான் படிவம் 4. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலில் அசிட் ஊற்றி உறைய வைப்பதைப் பார்த்துவிட்டு, "அசிட் ஊற்றினதும் அணுக்கள் பிணைஞ்சிடுதுப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு டின்னில் ரப்பர் சீட்டுத் துண்டு (உறைந்த பாலைத் தகடாக்கியது), இன்னொன்றில் பழைய சைக்கிள் டயர்த் துண்டு, இரண்டிலும் பெட்ரோல் ஊற்றி வைத்தார். மறுநாள் சீட்டு கூழாகியிருந்தது. டயர் உப்பியிருந்தது, கரையவில்லை. "ரெண்டும் ரப்பர்தானேம்மா, ஏன் இப்படி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆறாம் படிவத்தில்தான் தெரிந்தது. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அசிட் அந்த மின்னூட்டத்தைப் போக்கியதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை சிக்கிக் கிடக்குமே தவிர, ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் புதிய பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. டயரில் அப்படியில்லை. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், கந்தக அணுக்கள் சங்கிலிக்குச் சங்கிலி எலெக்ட்ரானைப் பங்கிட்டுப் பாலமாக நிற்கும். பெட்ரோல் உள்ளே புகலாம், அந்தப் பாலத்தை அறுக்க முடியாது.

சம்பளச் சீட்டின் பின்புறம் இதை வரைந்து காட்டினேன். அப்பா வெகு நேரம் பார்த்தார். அப்புறம் சீட்டைத் திருப்பி, வெட்டியிருந்த தொகையைக் காட்டினார். பாலில் தண்ணீர் கலந்தார் என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பிடித்த காசு அது. பால் வடியும் மங்கில் விழுந்தது மழைத் தண்ணீர். பக்கத்து மர வரிசைகளில், நிரையில், வேலை செய்த எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பிணைப்பு என்று எழுத உட்கார்ந்தாலே எனக்கு அந்தச் சம்பளச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது.

சரி, உங்கள் மகனுக்கு அந்த இரண்டு டின்னையும் வைத்துக் காட்டுங்கள். திறந்த வெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், பெட்ரோலை நீங்களே ஊற்றுங்கள். உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் இல்லையென்றால் சொல்லுங்கள், ரப்பர் சீட்டில் ஒரு துண்டு தபாலில் அனுப்புகிறேன்.