எலும்பு: வாசகர் கேள்விகள்

வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்துக் காபியோடு கால்சியம் மாத்திரை. ராத்திரி இன்னொரு கால்சியம். இந்த முறை சரிதானா?
- வாசகி, கும்பகோணம்

காலை வேளைதான் தப்பு. கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைக் கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் கால்சியத்தோடு சேர்க்கக் கூடாது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். 'சிட்ரேட்' என்றிருந்தால் வேளை பார்க்க வேண்டியதில்லை. அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதுதான் தோது. எதுவானாலும் ஒரே வேளையில் 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் போட்டால், உடம்பில் சேரும் பங்கு குறையும்.

அது சரி, இரண்டு மாத்திரை எதற்கு? உங்கள் வயதில் நாளுக்கு 1200 மி.கி. கால்சியம் தேவை. 200 மி.லி. டம்ளரில் இரண்டு வேளை பாலோ தயிரோ சாப்பிட்டால் ஏறக்குறைய 480. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் களியோ தோசையோ செய்தால் 170. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைப் பொரியல் 150. ஆக, 800 தட்டிலேயே வந்துவிடும். மீதிக்கு ஒரு மாத்திரை போதும். குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பாலக்கீரையை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் பெரும்பகுதி கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

தினமும் காலை 6 மணி வெயிலில் நடக்கிறேன். அப்படியும் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறதே?
- வாசகர், மதுரை

நடை எலும்புக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டி-க்கு வேண்டிய புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. 11 மணிக்கு மேல், கையும் காலும் வெயில் பட 15, 20 நிமிடம் நில்லுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் சூடு வரும், வைட்டமின் வராது.

20-க்குக் கீழே என்றால் குறைபாடுதான். 60,000 யூனிட் பொடியையோ மாத்திரையையோ வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். வாரம் ஒன்று! அதைத் தினமும் போட்டுக்கொண்டு வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று வருபவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகம் பழுதாகும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்புக்கு டி-ஸ்கோர் -2.7. யோகாசனம் தொடரலாமா?
- வாசகி, சேலம்

டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பை இளவயது எலும்போடு ஒப்பிடும் அளவு. அது -2.5-ஓ அதற்கும் கீழேயோ போனால் எலும்பு மெலிவு நோய். குனிந்து காலைத் தொடும் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் இனி வேண்டாம். முன்னால் வளையும்போது முள்ளெலும்பின் முன்பக்கத்தில் பாரம் இறங்கி, அது ஆப்பு மாதிரி நசுங்கலாம். குடத்தையும் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக இரண்டு முறை, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவை செய்யலாம்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழும் பழக்கம் இருந்தால், இன்றே விடுங்கள். அது ஆள் பாரம் தாங்காது. சுவரில் ஆழமாகத் துளையிட்டுத் தனிக் கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள்.