கோப்பை ஆட்டத்தில் வெளியூர் ரசிகர்களுக்கு எத்தனை டிக்கெட்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் நான் ஒரு பிரீமியர் லீக் கால்பந்து அணியின் ரசிகன். தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில், 30,000 இருக்கைகள் கொண்ட எதிரணி மைதானத்தில் எங்கள் அணி ஆடவிருக்கிறது. 4,500 டிக்கெட்டுகள் நமக்கு உரியவை என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் கிளப் அறிவித்திருப்பதோ 3,000. யார் சொல்வது சரி? முந்தைய ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கியதற்காகக் கிளப் தரும் லாயல்டி புள்ளிகள் குறைவாக உள்ள எனக்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உங்கள் நண்பர்களின் கணக்கு சரியானதே. பிரீமியர் லீக்கில் வெளியூர் அணிக்கு 3,000 இருக்கைகள், சிறிய மைதானமாக இருந்தால் கொள்ளளவில் 10 சதவீதம் என்பது வழக்கம், எஃப்.ஏ. கோப்பையிலோ 15 சதவீதம் வரை கேட்டுப் பெறலாம். 2010 ஜனவரியில், அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்த லீட்ஸ் யுனைடெட், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு ஏறத்தாழ 9,000 ரசிகர்களுடன் செல்ல முடிந்தது இந்த விதியின் பயனால்தான். அன்று லீட்ஸ் வீரர் பெக்ஃபோர்டு அடித்த ஒரே கோலால் அந்த அணி மான்செஸ்டர் யுனைடெட்டை வென்றது. கோப்பைப் போட்டியின் உயிர் இத்தகைய நாள்களில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் 15 சதவீதம் என்பது உச்சவரம்பே தவிர, தானாக வந்துசேரும் பங்கு அன்று. உள்ளூராட்சி அமைப்பு வழங்கும் பாதுகாப்புச் சான்றிதழும், காவல்துறை இடம்பெறும் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் கருத்தும், இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்கக் காலியாக விடவேண்டிய இருக்கைகளும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். உங்கள் கிளப்பே குறைவாகக் கேட்டிருக்கவும் கூடும். லீக் ஆட்டத்திற்கான அதே 3,000 இங்கும் வந்திருப்பதால், அந்தக் கேள்வியை எதிரணியிடம் கொண்டுபோவதற்கு முன் உங்கள் கிளப்பிடம் கேளுங்கள். எத்தனை கேட்டீர்கள், மறுக்கப்பட்டதா, மறுத்தவர் யார் என்று ரசிகர் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்பது நல்லது. கோப்பை ஆட்டத்தின் வசூலை இரு கிளப்புகளும் பகிர்ந்துகொள்வதால், இருக்கைகள் காலியாகக் கிடப்பது இருவருக்குமே இழப்பு என்பதையும் நினைவூட்டலாம்.

லாயல்டி புள்ளிகளின் வரிசையில் விற்பனை படிப்படியாகத் திறக்கப்படும்போது கடைசிக் கட்டம்வரை காத்திருங்கள். வார நாள் இரவு ஆட்டமென்றால் வாய்ப்பு கூடும். உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் டிக்கெட் வாங்கி அமர்ந்தால் வெளியேற்றப்படலாம். அனுமதியின்றி மறுவிற்பனை செய்பவர்களிடம் வாங்காதீர்கள். அவ்விற்பனை 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதோடு, அந்த டிக்கெட் வாயிலிலேயே செல்லாமற்போகலாம்.