கொழும்பில் இருந்துகொண்டு ரெட்ரோ கம்ப்யூட்டிங் சவாலில் சேர முடியுமா? எந்தப் பழைய மெஷினில் தொடங்கலாம்?

கேட்டவர் எழுதியிருப்பது இது: வெளிநாட்டு ஆர்வலர்கள் பழைய கொம்பியூட்டர்களை எடுத்து ஒரு மாதத்துக்குள் ஏதாவது செய்துகாட்டும் சவால்களைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. கொமடோர், ஸ்பெக்ட்ரம் போன்றவை கொழும்பில் கிடைக்குமா, கிடைத்தால் வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

சேரலாம், தாராளமாக. ஆனால் கொமடோர் 64-ஐத் தேடி அலைவதை விடுங்கள். அதுவும் ஸ்பெக்ட்ரமும் 1982-ல் வந்தவை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளின் படுக்கையறைகளில் இருந்தவை. ஈபேயில் வாங்கினால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து மெஷினின் விலையைத் தாண்டும். ஒரு சிப் போய்விட்டால் மாற்றுச் சிப்புக்கும் அதே பாடு. சவால் நடக்கும் மாதம் தபால் கந்தோரிலேயே கழிந்துவிடும்.

நம் ஊரின் பழைய கொம்பியூட்டர் வேறு. தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூஷன் வகுப்புகளில் வரிசையாக நின்ற வெள்ளைப் பெட்டி; அதாவது 386, 486, பிறகு பென்டியம் புரொசசர் போட்ட பிசி. பெயர் தெரியாத தைவான் மதர்போர்ட், கட்டளை தட்டி இயக்கும் டொஸ், கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குக்கு லோட்டஸ் 1-2-3. புதுக்கடை நொத்தாரிசு கந்தோர்களிலும் செட்டியார் தெருக் கணக்குப்பிள்ளை மேசைகளிலும் இருந்தது அதுதான். பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் இங்கே அதற்குத்தான் இருக்கின்றன. அதை எடுங்கள்.

இது என்ன பெரிய விஷயம், ஆபீஸ் பெட்டிதானே என்று தோன்றினால் ஒரு தகவல். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருந்துகொண்டு எழுதி 1982-ல் வெளிவந்த '2010' நாவலை ஆர்க்கைவ்ஸ் 3 என்ற மைக்ரோ கொம்பியூட்டரில், வேர்ட்ஸ்டாரில்தான் அடித்தார். முழு நாவலும் ஒரே ஒரு ஐந்து அங்குல புளொப்பியில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின. அடுத்த வருடம், அந்த நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸுடன் அவர் கேப்ரோ 2 என்ற மெஷினில் மோடம் வைத்துக் கடிதம் பரிமாறினார். இரண்டரை மெகாஹேர்ட்ஸ் வேகம், 64 கிலோபைட் நினைவகம். லொஸ் ஏஞ்சல்ஸில் ஹயம்ஸ் தூங்கும்போது கிளார்க் எழுதுவார், கிளார்க் தூங்கும்போது ஹயம்ஸ் எழுதுவார். அந்த வேர்ட்ஸ்டார்தான் நம் டியூஷன் வகுப்புக்கும் வந்தது. ஆக, கொழும்புக்கும் இதில் பங்கு உண்டு.

சவால்களில் பல வகை உண்டு. மார்ச் மாதம் பழைய மக்கின்டோஷ்காரர்களுக்கு மார்ச்சிந்தோஷ், செப்டெம்பரில் டாண்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மெஷின்களுக்கு செப்டாண்டி, டிசெம்பரில் டொஸ்காரர்களுக்கு டொசெம்பர். நான் சொல்லும் பெட்டிக்கு டொசெம்பர்தான் பொருத்தம். இதைவிட இலகுவானது ஓல்ட் கம்ப்யூட்டர் சேலஞ்ச். 2021 ஜூலையில் தொடங்கியது. ஒரு வாரம், புரொசசரில் ஒரே ஒரு கோர், 512 மெகாபைட் நினைவகம், அதற்குள் உங்கள் அன்றாட வேலை எல்லாம் நடக்க வேண்டும் என்பது முதல் வருட விதி. அலமாரியில் கிடக்கும் பழைய நெட்புக் போதும். 2022-ல் விதியை மாற்றி ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் இணையம் என்றார்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டில் இருந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பெட்டியை எங்கே எடுப்பது? பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் புதுச் சரக்கு. அங்கே பழுது பார்ப்பவர்களிடம் கதை கொடுத்துப் பாருங்கள், யாரிடம் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இக்மன் விளம்பரத் தளத்தில் "பழைய கொம்பியூட்டர்" என்று தேடினால் பத்து வருடத்துக்கு முந்திய லாப்டொப்தான் வரும். நல்ல சரக்கு பழைய இரும்பு, போத்தல், பேப்பர் எடுப்பவர்களிடமும் புறக்கோட்டைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளின் பின்பக்கத்திலும் கிடக்கும். "நானா, உள்ளுக்குப் பழைய ஏடி கேஸ் ஏதும் கிடக்கா, பின்னுக்குப் பெரிய வட்டக் கீபோர்ட் சொக்கட் உள்ளது?" என்று கேளுங்கள். ஏடி என்பது அந்தக் காலத்துப் பெட்டி வகை. "486 வேணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். தங்கம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்வி அது. பழைய செரமிக் புரொசசர்களைக் கரைத்துத் தங்கம் எடுக்கும் ஆட்கள்தான் இந்தப் பொழுதுபோக்கில் உங்கள் போட்டியாளர்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் விலை ஏறும். கேஸை மூடியபடியே நிறைக்கு வாங்கி வந்து வீட்டில் திறப்பது நல்லது.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பற்றரி. 386, 486 போர்ட்களில் கீபோர்ட் சொக்கட்டுக்குப் பக்கத்தில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு சின்ன உருளை ஒட்டவைத்திருக்கும். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பற்றரி. இத்தனை வருடத்தில் அது ஒழுகாமல் இருந்தால் அதிசயம். ஒழுகியது காரம் என்பதால் செப்புப் பாதைகளைத் தின்று பச்சையாக்கியிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, வினாகிரி தொட்ட டூத்பிரஷால் தேயுங்கள். நுரை அடங்கும் வரை தேய்த்துத் தண்ணீரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் முடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பாதையும் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுமையான வேலை. பழைய பற்றரி இருந்த இடத்தில் சிஆர் 2032 வட்டப் பற்றரியை நேரே ஒட்டாதீர்கள். போர்ட் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். இடையில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று வேண்டும்.

அடுத்தது நம் கடற்காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருந்த வீட்டுச் சாமான் என்றால் கேஸ் திருகாணிகளைப் பார்த்தே தெரிந்துவிடும். கார்ட்களைக் கழற்றி, பொன் நிற விளிம்புகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து மறுபடி செருகுங்கள். "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று ஒதுக்கிய பெட்டிகளில் பல இதிலேயே எழும்பிவிடும். புளொப்பிகளில் பூஞ்சணம் பிடித்திருக்கும். உலோகக் கதவை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை டிரைவில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த புளொப்பிக்கும் தொற்றும். டிரைவுக்குப் பதிலாக, யூஎஸ்பி குச்சியைப் புளொப்பி போலக் காட்டும் கோடெக் என்ற எமுலேட்டரைப் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்னும் ரெட்ரோகாரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்கள் ஊரில் ஈரப்பதன் வேறு.

கரண்ட் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய மெஷின் என்றால் பவர் சப்ளையின் பின்பக்கச் சிவப்பு சுவிட்ச் 115-ல் இருக்கும். அதை 230-க்குத் தள்ளாமல் நம் பிளக்கில் செருகினால் வெடித்துப் புகைதான். ஏடி போர்ட்டுக்குப் போகும் இரண்டு பவர் சொக்கட்களைச் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். பழைய பெரிய மொனிட்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிக்சர் டியூப்பில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், நிறுத்திய பிறகும் மிச்சம் நிற்கும். விஜிஏ சொக்கட் உள்ள எல்சிடி ஒன்று போதும்.

ஹார்ட் டிஸ்க் செத்திருந்தால் கவலையில்லை, ஹார்ட் டிஸ்க் வயரில் (ஐடிஈ) செருகும் அடப்டரில் கொம்பேக்ட் பிளாஷ் கார்ட் போடலாம். மெஷினை எழுப்பும் உள் புரோகிராமான பழைய பயோஸ் 528 மெகாபைட்டுக்கு மேல் கண்டுகொள்ளாது, ஆகவே சின்னக் கார்ட்டே நல்லது. டொஸ் கையில் இல்லையென்றால் ஃப்ரீடொஸ் இலவசம், 2025-ல்கூட 1.4 பதிப்பு வந்தது.

இப்போது முக்கியமான விஷயம், வைத்து என்ன செய்வது? டூம் என்ற சுடும் விளையாட்டை ஓட்டிக் காட்டுவதை உலகத்தில் எல்லோரும் செய்துவிட்டார்கள். நீங்கள் தமிழில் ஏதாவது செய்யுங்கள். நான் 486-ல் டொஸ் எழுத்துத் திரையில் தமிழ் எழுதும் சின்ன எடிட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் அடங்கும், அந்த மெஷினின் உள் வயிற்றையும் பார்க்க வைக்கும்.

விஜிஏ என்பது அந்தப் பெட்டியின் திரை கார்ட் முறை. அதன் எழுத்துத் திரையில் ஒவ்வோர் எழுத்தும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு எழுத்துக்கு 16 பைட். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் எழுத்தை வரைந்து, நிரப்பிய கட்டம் 1, வெற்றுக் கட்டம் 0 என்று வரிவரியாக எழுதினால் எழுத்துரு தயார். பயோஸின் திரை வேலைகளுக்கான 10 ஹெக்ஸ் இன்டரப்ட்டைக் கூப்பிட்டு அதை ஏற்றலாம். புரோகிராம் எழுத டர்போ பாஸ்கல் 5.5 போதும், அதை உருவாக்கிய போர்லண்ட் நிறுவனமே பின்னாளில் இலவசமாக விட்டது.

திரையில் 256 இடம்தான். முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போனால் மிச்சம் 128. தமிழ் 247 எழுத்து எப்படி அடங்கும்? எண்ணிப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் க, க், கி, கீ, கு, கூ என்று ஆறு வடிவம், அது 108. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு 4. மொத்தம் 125. கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து வந்துவிடும், கௌவுக்கு ள இருக்கிறது. மூன்று இடம் மிச்சம்! ஆனால் ஜ, ஸ, ஷ, ஹ வேண்டாமா? அவை இல்லாமல் "ஜூன்" என்றோ "பஸ்" என்றோ எழுத முடியாது.

அதோடு ஞ, ண, ஐ, ஔ எட்டுப் புள்ளிக்குள் அடங்காது. இரண்டு கட்டமாக வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினால் இன்னொரு தொல்லை. திரை உண்மையில் ஒரு எழுத்துக்கு 9 புள்ளி ஒதுக்குகிறது, ஒன்பதாவது எப்போதும் வெற்று. ண-வின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடும், மேற்கோடு அறுந்து நிற்கும். 192 முதல் 223 வரையான 32 இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பெட்டிக் கோடு வரைவதற்காக அங்கே எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் திரும்பப் போடும். இரட்டை எழுத்துகளின் இடது பாதிகளை அந்த 32-க்குள் குடியேற்றினால் ண முழுசாக நிற்கும்.

இடப் பஞ்சத்துக்கும் வழி உண்டு. விஜிஏ இரண்டு எழுத்துரு அட்டவணைகளைச் சேர்த்து 512 எழுத்து காட்டும். விலை என்ன என்றால் நிறத்தில் ஒரு பிட் போய்விடும், 16 எழுத்து நிறம் 8 ஆகும். எழுத்தா நிறமா என்றால் எனக்கு எழுத்துதான்.

தட்டச்சுக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசை முறையை எடுத்தேன். இங்கே ஒரு தலைமுறையே அதில்தான் விரல் பழகியது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் "அம்மா". கொம்பை முதலில் தட்டி மெய்யைப் பிறகு தட்டும் முறை என்பதால், கட்டம் கட்டமாக எழுதும் டொஸ் திரைக்கு அது அச்சொட்டாகப் பொருந்துகிறது. யுனிகோட் போல எழுத்தை முன்னும் பின்னும் இடம் மாற்றும் வேலை கிடையாது. ஒரே ஒரு இடத்தில்தான் எடிட்டர் யோசிக்க வேண்டும்: புள்ளியோ விசிறியோ வந்தால் புதுக் கட்டம் போடாமல், முந்திய கட்டத்து ம-வை ம் ஆகவோ மி ஆகவோ மாற்ற வேண்டும்.

பழைய மெஷின் போலப் புது மெஷினில் ஓடும் எமுலேட்டர் மென்பொருளை வைத்துக்கொள்ளலாமா என்றால், விதி அனுமதித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மேசையில் பிரிந்து கிடக்கும் நாட்களில் 86பொக்ஸ் என்ற எமுலேட்டரில் புரோகிராமை எழுதிச் சோதிக்கலாம். ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டை எமுலேட்டரில் மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அகலத்தை 8 புள்ளியாகச் சுருக்கும் சில அமைப்புகளில் அது தெரியாது, உண்மையான மெஷினில் பல்லைக் காட்டும்.

நேரம் மிச்சம் இருந்தால் அச்சடியுங்கள். 9 ஊசி டொட் மேட்ரிக்ஸ் பிரின்டர் நமக்கு ரெட்ரோவே இல்லை, இன்னும் எத்தனையோ கடைகளில் அதில்தான் பில் அடிக்கிறார்கள். எப்சன் கட்டளைகளில் படப்புள்ளிகளை நிரல் நிரலாக அனுப்பும் வழி இருக்கிறது. அதே 16 பைட் எழுத்துருவை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓட்டமாக அடித்தால் தமிழ் கடதாசியில் வந்துவிடும். ரிப்பன் புறக்கோட்டையில் இன்னும் கிடைக்கும், பிரின்டரின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.