கறுப்பு எழுத்தின் வெள்ளை

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக ஆங்கில எழுத்துரு ஒன்றை வரைந்துவருகிறேன். பழைய ஜெர்மன் அச்சுப் புத்தகங்களின் பிளாக்லெட்டரை, அதாவது தடித்த, கோணல் முனைகள் கொண்ட அந்தக் கறுப்பு எழுத்தை, மனதில் வைத்துத் தலைப்புகளுக்கென்றே செய்தது. நண்பர் ஒருவர் தன் இசைக்குழுவின் போஸ்டரில் அதைப் பயன்படுத்தினார், முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில். யாராலும் படிக்க முடியவில்லை. கேப்பிட்டல்களின் அலங்காரத்தைக் குறைத்து எளிமையாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? மெல்லிய வடிவம் ஒன்றும் சேர்க்க நினைக்கிறேன், தேவையா? இதைப் பார்த்தால் நாஜி ஞாபகம் வருகிறது என்று சிலர் சொல்வதும் உறுத்துகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தை இரண்டு நாளாக மேஜையிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம்தான் என் பழைய பயிற்சி நோட்டு ஒன்று கைக்குக் கிடைத்து, இதே எழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

நாஜி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த எழுத்தை விலக்கியவர்களே அவர்கள்தான். 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சித் தலைமையில் இருந்த மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, இது ஜெர்மன் எழுத்தே இல்லை, யூத எழுத்து என்று ஒரு பொய்யைச் சொல்லி, இனி ரோமன் எழுத்துதான் என்றது. அந்தத் தாளின் தலைப்பே பிளாக்லெட்டரில்தான் அச்சாகியிருந்தது. அந்தக் காலத்தின் கறை அதிகம் படிந்தது எவற்றின்மேல் தெரியுமா? 1930களில் வந்த டானன்பெர்க் போன்ற எழுத்துருக்கள்மேல். வளைவையும் மெல்லிய கோடுகளையும் வெட்டியெறிந்து, விறைப்பான கம்பிகளாக 'எளிமையாக்கிய' எழுத்துகள் அவை. நண்பர்கள் சொல்லும் எளிமை உங்களையும் அங்கேதான் கொண்டுபோய் விடும். அலங்காரத்தைத் தொடாதீர்கள்.

சரி, அந்தப் போஸ்டர். எனக்குக் கோபம் உங்கள் நண்பர்மேல் இல்லை, உங்கள்மேல்தான். வரைந்தவர் நீங்கள். இப்படிப் போடாதே என்று சொல்லியிருக்க வேண்டியவரும் நீங்கள். பிளாக்லெட்டரின் கேப்பிட்டல் சொல்லின் வாசலில் தனியாக நிற்பதற்குப் பிறந்தது. அகலமாக இருக்கும், வயிற்றுக்குள் மெல்லிய கோடுகள் ஓடும், கொம்பும் வாலும் இருக்கும். அதன் பின்னால் சின்ன எழுத்துகள் வரிசையாக நின்றால்தான் அதற்கு அழகு. எட்டு கேப்பிட்டல்களை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கவைத்தால் கண் எங்கே காலை ஊன்றும்? படிக்க முடியாதது எழுத்தின் குற்றமில்லை. எழுத்துருவோடு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். முதல் வரியிலேயே எழுதுங்கள்: முழுச்சொல்லையும் கேப்பிட்டலில் அடிக்கக் கூடாது. இரண்டாவது வரியிலும் அதையே எழுதுங்கள்.

ஆனால் உங்கள் சின்ன எழுத்துகளிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருபது வயதில் ஓர் ஆசிரியையிடம் பட்டை நிப் பேனாவால் பிளாக்லெட்டரின் ஒரு வகையான டெக்ஸ்டுரா எழுதப் பழகினேன். நிப்பை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஐந்து நிப் அகலம் உயரம். தலையில் ஒரு சாய்சதுரம், நேராக ஓர் இறக்கம், காலில் இன்னொரு சாய்சதுரம். அவ்வளவுதான். முதல் மூன்று வாரம் 'மினிமம்' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதவைத்தார். லத்தீனிலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லில் எம், ஐ, என், யு தவிர வேறு எழுத்து கிடையாது. எல்லாமே அந்த ஒரே கோடுதான், மொத்தம் பதினைந்து. ஐ எழுத்தின்மேல் குறி வைக்கும் பழக்கமே இப்படிப்பட்ட வேலியில் அது தொலைந்துபோகாமல் இருக்க வந்ததுதான்.

நான் கோடுகளைக் கவனித்து எழுதுவேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். "கறுப்பு நல்லாத்தான் இருக்கு. வெள்ளையை யார் எழுதுவாங்க?" என்பார். அழுதிருக்கிறேன். நாலாவது வாரம் ஒரு நாள், எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும், இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையும், கோட்டின் தடிமனும் ஒரே அளவாகக் கண்ணில் பட்டன. தாள் முழுக்க ஒரே துணிபோல ஆயிற்று. டெக்ஸ்டுரா என்ற பெயருக்குள் நெசவு இருப்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஐரோப்பாவில் அச்சுக்கோப்பைத் தொடங்கிவைத்த கூட்டன்பர்க் 1455 வாக்கில் முடித்த பைபிளுக்கு ஐம்பது அறுபது அச்சுகள் போதும் என்று நமக்குத் தோன்றும். அவர் சுமார் 290 செய்தார். கூட்டெழுத்துகள், சுருக்கக் குறிகள், ஒரே எழுத்துக்கே அகலம் மாறிய வடிவங்கள், பக்கத்து எழுத்தோடு ஒட்டி நிற்க இடப்பக்க முனை இல்லாத தனி வடிவங்கள். எல்லாம் அந்த வெள்ளை பிசகக் கூடாது என்பதற்காக. கணினியில் கெர்னிங் பட்டியலை, அதாவது எழுத்து ஜோடிகளுக்கு நடுவே விடும் இடைவெளிகளின் பட்டியலை, தட்டிவிடும் நமக்கு அந்தப் பொறுமையில் கால்வாசியாவது வேண்டாமா?

உங்கள் பக்கத்தில் எம் எழுத்தின் உள்வெள்ளை ஒடுங்கி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சந்து விழுந்திருக்கிறது. திரையில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்கி வரைந்திருக்கிறீர்கள், அதனால் வந்தது. கை நல்ல கை. அந்தக் கே எழுத்தின் மெல்லிய வால் முடியும் இடத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

மெல்லிய வடிவத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு பட்டை நிப் வாங்கி, 'மினிமம்' என்று ஒரு பக்கம் முழுக்கக் கையால் எழுதுங்கள். ஸ்கேன் செய்து மெயிலில் போட வேண்டாம், அந்தத் தாளையே தபாலில் அனுப்புங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.