வைக்கோலைத் தூக்கிப் பார்த்த பெண்

மதிப்பிற்குரிய ஐயா,

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிப்பதற்காக எடின்பரோவுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கல்விக் கடன் வாங்கித்தான் அப்பா அனுப்பிவைத்தார். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதால் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். மீதி நேரத்தில் ஊர் சுற்றுகிறேன். இங்கே இலவச வாக்கிங் டூர்கள் நிறைய உண்டு. முடிவில் விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும். இதுவரை ஐந்து டூர் போய்விட்டேன். ராயல் மைல், கோட்டையின் ஒரு மணிப் பீரங்கி, கிரேஃபிரையர்ஸ் நாய் சிலை, தத்துவவாதி டேவிட் ஹியூம் சிலையின் கால் கட்டைவிரல் எல்லாம் பார்த்தாயிற்று. இரவில் நடந்த பேய் டூர்தான் உச்சம். கல்லறை தோண்டிப் பிணங்களைத் திருடி மருத்துவக் கல்லூரிக்கு விற்ற பர்க், ஹேர் கதையைக் கைடு நடித்தே காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அறைக்குத் திரும்பும்போதுதான் உறுத்துகிறது. அப்பா அங்கே வட்டி கட்டிக்கொண்டிருக்க நான் இங்கே ஊர் சுற்றுவது சரியா? டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதிக்குப் போகக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, அல்லது அந்த நாட்களிலும் வேலை பார்ப்பதுதான் நியாயமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடன் வாங்கிப் படிக்கப்போன பிள்ளை அறைக்குள் முடங்கிக் கிடந்தால் வட்டி குறைந்துவிடாது. ஆகவே அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள். ஹியூமின் கட்டைவிரலைப் பார்க்கப் போனதைப் பற்றியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மூடநம்பிக்கையை ஆயுள் முழுவதும் கேள்வி கேட்ட மனிதரின் காலைத் தேர்வில் தேறுவதற்காக மாணவர்கள் தடவுவதைப் பார்த்தால் அவரே ரசித்திருப்பார். கைடுகள் புளுகுவதும் எனக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று, அந்த நிழலிலேயே நின்றுகொண்டு சொன்ன கைடை எனக்குத் தெரியும்.

ஆனால் "வயிறு வலிக்கச் சிரித்தோம்" என்ற வரியைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். பர்க்கும் ஹேரும் ஒரு கல்லறையையும் தோண்டியதில்லை. அவர்கள் பிணங்களை வாங்கிக்கொண்டவர் ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியர். சர்ஜன்ஸ் ஸ்கொயரில் அவர் நடத்தியது தனியார் பள்ளி. தூக்கிலிடப்பட்ட கொலையாளிகள், சிறையில் செத்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள், அனாதைகள் என்று சிலருடைய உடல்களை மட்டுமே அறுக்கச் சட்டம் அனுமதித்த காலம் அது. மருத்துவம் படிக்க அந்த ஊருக்கு மாணவர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள், கிடைத்த உடல்களோ போதவில்லை. கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சில கல்லறைகளின்மேல் இரும்புக் கூண்டு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிணத் திருடர்களிடமிருந்து காப்பதற்காகக் காசுள்ளவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. காசில்லாதவர்கள் செத்த பிறகும் காவலின்றிக் கிடந்தார்கள். வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேர் நடத்திய மலிவான வாடகை விடுதியில் தங்கியவர்களுக்கோ உயிரோடிருக்கும்போதே காவல் இல்லை.

அந்த விடுதியில் 1827 நவம்பரில் டொனால்ட் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் நோயில் செத்துப்போனார். வாடகைப் பாக்கி 4 பவுண்டு. பாக்கியை ஈடுகட்டுவதற்காகச் சவப்பெட்டியில் மரப்பட்டையை நிரப்பி அனுப்பிவிட்டு, உடலை நாக்ஸிடம் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். அடுத்த ஓராண்டுக்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். நாக்ஸ் கொடுத்த விலை குளிர்காலத்தில் 10 பவுண்டு, கோடையில் 8. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைச் சோற்றுக்கும் ஓர் இரவுப் படுக்கைக்கும் அலைந்தவர்கள். ஜேமி வில்சன் என்ற பையன் கால் ஊனமுற்றவன், புத்தி சற்று மந்தம், தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவன். மேஜையில் துணியை விலக்கியதும் மாணவர்கள் சிலர் அவனை அடையாளம் கண்டு சொன்னதாகவும், நாக்ஸ் அதை மறுத்துவிட்டு அவனை முதலில் அறுக்கச் செய்ததாகவும், தலையும் பாதங்களும் அதற்குள் நீக்கப்பட்டுவிட்டதாகவும் பதிவு இருக்கிறது. உங்கள் கைடு இந்த இடத்தை எப்படி நடித்தார்? நொண்டிக் காட்டினாரா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அல்லது நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கோபம் என்மேல்தான். 1983-ல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் அறுபது வயதை ஒட்டிய ஒருவர் இருந்தார். ஏதோ ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். நாங்கள் அவரைப் 'புரூஃப்காரர்' என்றே கூப்பிட்டோம். ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு வேட்டிகள், காலியான கண்ணாடிக்கூடு, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு மெய்ப்புத் தாள்கள் இருந்தன. முகவரி எழுதிய ஒரு கார்டுகூட இல்லை. போலீஸ் வருவதற்குள் மேனேஜர் மூன்று மாத வாடகைப் பாக்கியைக் கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவைத்துவிட்டார். உடல் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போயிற்று. அன்று இரவு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அறைத்தோழன், "அடுத்த மாதம் எங்க டேபிளுக்கே வந்தாலும் வருவார்டா, அங்கேயும் தப்பு கண்டுபிடிப்பார்" என்றான். நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். ரசம் புரையேறும்வரை சிரித்தேன். சென்ற மாதம் பழைய தாள்களை ஒழிக்கும்போது சிவப்பு மையில் திருத்திய ஒரு மெய்ப்பு கையில் கிடைத்தது. அவருடையதில்லை, என்னுடைய புத்தகத்தினுடையதுதான். அன்றிலிருந்து அவருடைய பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறேன். வரவில்லை. இந்த நிலையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

பொதுச் சுகாதாரம் படிக்கும் உங்களுக்கு 1832-ன் உடற்கூறியல் சட்டத்தைப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா என்று தெரியவில்லை. பர்க், ஹேர் விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, யாரும் வந்து கேட்காத உடல்களை உடற்கூறுப் பள்ளிகளுக்குக் கொடுக்க அது வழிசெய்தது. பிணத்துக்காகக் கொல்லும் வியாபாரம் அதோடு நின்றது, அதை மறுக்கவில்லை. ஆனால் மேஜைக்குப் போனது அப்போதும் அதே விடுதிகளில் தங்கிய ஏழைகளின் உடல்தான். நம் மாநிலத்தில் 1951-ல் வந்த சட்டமும் இதே வழியில்தான் போகிறது. மருத்துவருக்கு உடற்கூறு தெரியவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்தவர் அப்படி ஒரு மேஜையில் கற்றவர்தான். அந்த மேஜைக்கு யார் போகிறார்கள் என்பதைப் பேய்க்கதையாக்கிவிட்டால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடலாம்.

இந்தக் கதையில் உங்கள் கைடு நிச்சயமாக விட்டிருக்கக்கூடிய ஒரு பெண் இருக்கிறாள். ஆன் கிரே. அவளும் கணவன் ஜேம்ஸும் குழந்தையோடு பர்க்கின் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். 1828 அக்டோபர் 31 அன்று இரவு அவர்களை ஹேரின் விடுதிக்குப் போய்ப் படுக்கச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்திருந்த மார்கரெட் டோஹர்ட்டி என்ற அயர்லாந்துக்காரிக்கு இடம் வேண்டுமாம். மறுநாள் காலையில் திரும்பிவந்தபோது அந்த விருந்தாளியைக் காணோம். குழந்தையின் காலுறைகளை எடுக்கக் கட்டிலருகே போன ஆனை, வைக்கோல் பக்கம் போகாதே என்று பர்க் அதட்டினான். மாலையில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் வைக்கோலைத் தூக்கினாள். அடியில் டோஹர்ட்டி கிடந்தாள்.

கணவனும் மனைவியும் வெளியே ஓடியபோது பர்க்கோடு வாழ்ந்த ஹெலன் மெக்டூகல் எதிரே வந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் வாரத்துக்கு 10 பவுண்டு வரும் என்று கெஞ்சினாள். ஒரு பிணத்தின் விலை அது, வாராவாரம். சொந்தமாக ஒரு கூரை இல்லாமல், அடுத்தவன் வீட்டு மூலையில் குழந்தையைப் படுக்கவைத்துக் குடித்தனம் நடத்திய அந்த இருவரும் அதை மறுத்துவிட்டுப் போலீஸுக்குப் போனார்கள். போலீஸ் வருவதற்குள் உடல் நாக்ஸின் பள்ளிக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் அங்கேதான் கண்டெடுத்தார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினான். நாக்ஸ்மீது வழக்கே இல்லை. பர்க் 1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட் தெருவில் தூக்கிலிடப்பட்டு, அவனும் அறுக்கப்பட்டான். அவன் செய்த கொடுமை மறக்கப்படாமல் இருப்பதற்காக எலும்புக்கூட்டைப் பாதுகாத்துவைக்கவேண்டும் என்பது நீதிபதியின் விருப்பம். இன்றும் அது உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்பு நான் அதன் முன்னால் நின்றபோது, அவ்வளவு சிறிய உருவமா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வெஸ்ட் போர்ட் வரை நடந்துபோய் ஹேரின் விடுதி இருந்த டானர்ஸ் குளோஸைத் தேடினேன். அந்தக் குறுகிய தெருவையே இடித்துவிட்டிருக்கிறார்கள். மழையில் அரைமணி நேரம் நின்றேன். ஆன் கிரேயின் பெயரை எந்தச் சுவரிலும் பார்க்கவில்லை. கொன்றவனுக்குக் கண்ணாடிப் பெட்டி, கதை, நடிகன், கைத்தட்டல், முடிவில் தொப்பியில் விழும் நாணயங்கள் எல்லாம் இருக்கின்றன.

நீங்களும் அந்த ஊரில் வாடகை அறையில் இருக்கிறீர்கள்; வார முடிவில் பாத்திரம் கழுவிக் கைவிரல்கள் ஊறிப்போய்த் திரும்புகிறீர்கள். கதையில் வருகிறவர்கள் யாருடைய ஆட்கள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? சிரிப்பு வந்ததைக் குறை சொல்லமாட்டேன், நான் சிரித்தவன். ஆனால் என்னைப்போல நாற்பது ஆண்டுகள் கழித்துப் பெயர் தேடாதீர்கள். அதே தெருக்களில் கைடு இல்லாமல் ஒரு தடவை நடங்கள். அறைத்தோழன் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் ஆன் கிரேயின் கதையை நீங்களே சொல்லுங்கள். நடிக்கவேண்டாம்.

ஹைலண்ட்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போய்வாருங்கள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகையால் விடிவதற்கு முன் கிளம்பும் பேருந்தைப் பிடியுங்கள். காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் போன் செய்யும்போது பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள். வட்டி கட்டுகிறவருக்கு அதைக் கேட்க ஆசையாக இருக்கும்.

அன்புடன்.