பீரும் பாலாறும்

கேள்வி: வெளியூர் போன இடத்திலும் வீட்டிலும் சமீபத்தில் நீங்கள் ருசித்த, சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர்களில் எது மனதில் நிற்கிறது? நம்ம வேலூருக்கு அந்த மாதிரி நல்ல தண்ணி எப்போது வரும்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு நிற்கின்றன. ஒன்று, பெங்களூரு இந்திராநகரில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் டாய்ட் பப்பில் குடித்த பாஸ்மதி பிளாண்ட். அரிசி சேர்த்துக் காய்ச்சிய இலேசான பீர், அலட்டல் இல்லை.

இன்னொன்று வீட்டில் திறந்த ஜெர்மன் கோதுமை பீர். முக்கால் பாட்டிலை உயரமான கிளாஸில் சாய்த்து ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஒரு சுழற்று சுழற்றி ஊற்ற வேண்டும். அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்கி வரும். கூடவே வாழைப்பழ வாசனை, பின்னாலேயே கிராம்பு. இரண்டையும் யாரும் போடவில்லை, எல்லாம் அந்த ஈஸ்ட்டின் வேலை. இதை ஐஸாகக் குளிரவைத்துக் குடிப்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை. நாக்கு மரத்துப்போனால் வாசனை எப்படித் தெரியும்? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். வேலூர் வெயிலில் ஐந்தே போதும்.

சரி, தண்ணிக்கு வருகிறேன். பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 1842-ல், இன்று செக் நாட்டிலுள்ள பில்சனில் யோசஃப் கிரோல் பொன்னிற பீரைக் காய்ச்சினார். உப்பு மிகக் குறைந்த அந்த ஊர்த் தண்ணீர் இல்லையென்றால் அந்த மென்மை வந்திருக்காது. இங்கிலாந்தின் பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் என்ற தாது உப்பு அதிகம். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் எடுப்பாக நின்றது. நம் நாட்டுக்குக் கப்பலேறிய பேல் ஏல் என்ற வெளிர்நிற பீருக்குப் பேர்போன ஊர் அது. மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து அந்த ருசியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

நமக்கு வாய்த்தது நந்தி மலையில் பிறக்கும் பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி, கரையோரக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இங்கே கரையோரத்து வீடுகளில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

ஆர்.ஓ. போட்டால் எந்தத் தண்ணீரிலும் பீர் காய்ச்சலாம் என்பார்கள். காய்ச்சலாம். ஆனால் ஒரு லிட்டர் பீருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் போகும். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர் தனி. அதையும் பாலாற்றில்தான் விடுவார்கள். எனக்குச் சம்மதமில்லை.

எப்போது வரும் என்பது மதுக்கொள்கை எழுதுகிறவர்கள் பாடு. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கரையோர ஊராட்சிகளில் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை மாதாமாதம் பலகையில் எழுதி வைக்கச் சொல்லி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.